நீதியரசர் பத்ருத்தீன் தியாப்ஜி: முதல் வாயிலைத் திறந்த வழக்கறிஞர்

கற்ற கல்வியைத் தொழிலாக்கி அதில் கால் ஊன்றுதல் எத்துறையினர்க்கும் எளிதன்று. வழக்குரைஞர் தொழிலிலோ அது மும்மடங்கு அரிதாகின்றது. ஊரறியாத ஓர் இளைஞரிடம் தம் நிலத்தையும் பொருளையும் மானத்தையும் நம்பி ஒப்படைக்க எவர் முன்வருவர்? வழக்கு வந்தால்தான் திறமை வெளிப்படும். திறமை வெளிப்பட்டால்தான் வழக்கு வரும். இந்த வட்டத்துள் சிக்கி, கறுப்பு அங்கியுடன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தோர் அன்றும் பலர், இன்றும் பலர்.

சட்டக் கல்லூரிகளை நாடிச் செல்லும் மாணவர்கள் நம் கல்லூரியிலிருந்தும் ஆண்டுதோறும் புறப்படுகின்றனர். அவர்கள் நெஞ்சில் இருத்த வேண்டிய வாழ்வு ஒன்றினை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அது நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த நீதியரசர் பத்ருத்தீன் தியாப்ஜி அவர்களின் வாழ்வு. காங்கிரஸ் மகாசபையின் மூன்றாம் தலைவர் என்று வரலாற்று நூல்கள் அவரை ஒரு வரியில் கூறிச் செல்லும். ஆயினும், அந்தத் தலைமைக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது, இருபத்துமூன்று வயதில் அவர் பம்பாயில் தொடங்கிய வழக்கறிஞர் தொழிலே என்பது நம் துணிபு.

தந்தையின் துணிவு

1844ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் பம்பாயில் பத்ருத்தீன் பிறந்தார். தந்தையார் முல்லா தையிப் அலி, சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த வணிகர். குஜராத்தின் பழம்பெரும் துறைமுகமாகிய காம்பேயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அது.

ஆங்கிலக் கல்வி கற்றால் மார்க்கம் கெடும் என்று சமுதாயத்தில் பெரும்பாலோர் அஞ்சி ஒதுங்கிய காலம் அது. அக்காலத்தில் தையிப் அலி தம் மக்கள் எழுவரையும் ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். வணிகம் செய்து ஈட்டிய பொருளை மனைகளிலும் அணிகலன்களிலும் முடக்காமல், கடல்கடந்த கல்வியில் முதலீடு செய்த தந்தை அவர். ஊரார் பேச்சுக்கு அஞ்சியிருந்தால், பம்பாய் உயர்நீதிமன்ற வரலாற்றில் ஓர் ஏடு எழுதப்படாமலே போயிருக்கும்.

எனினும், வேரை அறுத்துக்கொண்டு கிளையை வளர்க்க அவர் விரும்பவில்லை. பத்ருத்தீன் முதலில் தாதா மக்பா மதரஸாவில் உருதுவும் பாரசீகமும் பயின்றார். பின்னரே எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். மதரஸாவில் பெற்ற மொழிப்பயிற்சியும் மேனாட்டுச் சட்டக் கல்வியும் பிற்காலத்தில் அவரிடம் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கண்ணொளியும் கல்வியும்

இளமையிலேயே அவரை வருத்திய குறை ஒன்றுண்டு. அது கண்பார்வைக் குறைவு. சட்டம் பயில்வோர்க்குக் கண்ணே கருவி. எல்பின்ஸ்டனில் பயின்ற பின் கண் மருத்துவத்திற்காகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் 1860இல் இலண்டனில் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தார். இந்தியாவின் முன்னாள் கவர்னர் ஜெனரலாகிய எல்லன்பரோ பிரபுவுக்கு எழுதப்பட்ட அறிமுகக் கடிதங்கள் அவர் கையில் இருந்தன. இலண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறி, மிடில் டெம்பிள் என்னும் சட்டப் பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்தார்.

படிப்பு நடுவழியில் இருக்கையில் பார்வை மேலும் மங்கிற்று. 1864ஆம் ஆண்டின் இறுதியில் படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. அத்துடன் நின்றிருந்தாலும் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார். தந்தையின் வணிகம் இருந்தது. ஆனால், ஓராண்டு கழித்து, 1865இன் இறுதியில், அவர் மீண்டும் கப்பலேறினார். விட்ட இடத்தில் தொட்டு, 1867ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாரிஸ்டர் ஆனார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய் வந்திறங்கி உயர்நீதிமன்றத்தில் தம்மைப் பதிவு செய்துகொண்டார். பம்பாயில் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கிய முதல் இந்தியர் அவரே.

1867இன் பம்பாய்

முதல்வர் என்னும் சொல் கேட்பதற்கு இனிது. அந்நாளில் அது எத்துணைத் தனிமையைக் குறித்தது என்பதை உணர, அன்றைய நீதிமன்ற அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

பம்பாய் உயர்நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டது. பழைய சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் இணைந்து உருவானது அது. இன்று நாம் காணும் கோதிக் பாணிக் கட்டடம் அப்போது இல்லை. அது 1871இல் தொடங்கப்பெற்று 1878இல் முடிவுற்றது. நீதிமன்றம் இருபெரும் பிரிவாக இயங்கிற்று. மாவட்டங்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளை விசாரிப்பது ஒரு பிரிவு. அங்கே வக்கீல்கள் எனப்பட்ட இந்தியர் வாதாடி வந்தனர். பம்பாய் நகரத்தின் பெருவணிக வழக்குகளை நேரடியாக விசாரிப்பது, ஒரிஜினல் சைடு எனப்பட்ட மற்றொரு பிரிவு. பணமும் புகழும் மிக்க அப்பிரிவில் வாதாடும் உரிமை பாரிஸ்டர்களுக்கே இருந்தது. அவர்கள் அனைவரும் ஐரோப்பியர்.

மேலும் ஒரு தடை உண்டு. அம்முறைப்படி, வழக்காடுவோர் பாரிஸ்டரிடம் நேரே செல்ல இயலாது. முதலில் சொலிசிட்டரை அணுக வேண்டும். அவர் ஆவணங்களைத் திரட்டி, வழக்கின் வரலாற்றை எழுதி, பிரீஃப் எனப்படும் கட்டாக்கித் தாம் விரும்பும் பாரிஸ்டரிடம் அனுப்புவார். ஆகவே, புதிய பாரிஸ்டரின் வாழ்வு சொலிசிட்டரின் கையில் இருந்தது. ஐரோப்பிய நிறுவனங்களின் சொலிசிட்டர்கள் தமக்குப் பழகிய ஐரோப்பியப் பாரிஸ்டரை விட்டு, நீதிபதிகளும் ஐரோப்பியராயிருந்த மன்றத்தில், ஓர் இந்திய இளைஞரை ஏன் நாட வேண்டும்? இதுவே அவர் எதிர்கொண்ட கேள்வி.

காலமும் கலங்கியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி, பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்து, நாளொரு கம்பெனி முளைத்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, கம்பெனிகள் கவிழ்ந்தன, செல்வர் பலர் ஒரே நாளில் கடனாளிகளாயினர். சரிவின் பின்னே வழக்குகள் தொடர்ந்தன. போராக்களும் கோஜாக்களும் மேமன்களும் பார்சிகளும் பாட்டியாக்களும் அவ்வழக்குகளில் சிக்கித் தவித்தனர். அவர்தம் கணக்கேடுகள் குஜராத்தியில் இருந்தன. வாதமோ ஆங்கிலத்தில் நடந்தது.

வணிகம் மட்டுமன்று; மார்க்கமும் மரபும் கூட அம்மன்றத்தில் தீர்ப்புக்கு வந்தன. கோஜா ஜமாஅத்தின் உரிமை பற்றிய புகழ்பெற்ற ஆகாகான் வழக்கு, பத்ருத்தீன் தொழில் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1866இல் தீர்ப்பாயிற்று. ஒரு முஸ்லிம் வகுப்பின் வரலாற்றையும் வழக்கத்தையும் ஆராய்ந்த அவ்வழக்கில் இரு தரப்பிலும் வாதாடியோர் ஐரோப்பியப் பாரிஸ்டர்களே. வேறு எவரும் அன்று இல்லை. தம் மக்களின் மொழியையும் மரபையும் உள்ளிருந்து அறிந்த ஒருவர் அம்மன்றத்தில் நிற்பது எத்துணைத் தேவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமையனார் திறந்த கதவு

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். பத்ருத்தீன் எவர் துணையும் இன்றித் தனியே வென்றவர் அல்லர். தமையனார் கமருத்தீன் அவருக்கு முன்னரே வழி அமைத்திருந்தார். 1858இல் இங்கிலாந்தில் சொலிசிட்டராக ஏற்கப்பட்ட முதல் இந்தியர் கமருத்தீனே. அவர் பம்பாயில் தொழில் நடத்தி வந்தார். சொலிசிட்டரே பாரிஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில், ஒரே குடும்பத்தில் தமையன் சொலிசிட்டராகவும் தம்பி பாரிஸ்டராகவும் அமைந்தமை எத்துணைப் பேறு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால், திறந்த கதவு உள்ளே அழைக்குமேயன்றி, உள்ளே இருத்தி வைக்காது. தம்பி என்பதற்காக ஒரு வழக்கு வரலாம், இரண்டு வரலாம். அவ்வழக்கு தோற்கடிக்கப்பட்டால் மூன்றாவது வாராது. எதிர்த்தரப்பில் நிற்பவரோ பல்லாண்டுப் பழக்கமுள்ள ஐரோப்பியர். நீதிபதியின் முன் சொல் தடுமாறினால், அது ஓர் இளைஞரின் தடுமாற்றமாகக் கொள்ளப்படாது. இந்தியர்க்கு இத்தொழில் ஒவ்வாது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படும். முதல்வராக நிற்பவர் சுமக்கும் சுமை இதுவே. தமக்காக மட்டும் அவர் வாதாடவில்லை. தமக்குப் பின் வரவிருந்த அனைவர்க்காகவும் வாதாடினார்.

வாதத் திறனால் பெற்ற இடம்

அந்தச் சுமையை அவர் எங்ஙனம் தாங்கினார் என்பதற்கு அண்ணல் காந்தியடிகளின் தன்வரலாறு நல்ல சான்று தருகின்றது. 1891இல் பாரிஸ்டராகத் திரும்பிய காந்தியடிகள் பம்பாயில் தொழில் தொடங்க முயன்றார். ஸ்மால் காஸ் கோர்ட்டில் மமிபாய் என்னும் பெண்மணியின் வழக்கு அவருடைய முதல் வழக்கு. கட்டணம் முப்பது ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர்க்குத் தலை சுழன்றது, கேள்வி எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மன்றத்தை விட்டு வெளியேறினார்.

அந்நாள்களில் நண்பர்கள் காந்தியடிகளுக்குப் பெரிய வழக்கறிஞர்களின் கதைகளைக் கூறி வந்தனர். பெரோஸ்ஷா மேத்தாவின் சட்ட அறிவையும் நினைவாற்றலையும் வியந்து பேசினர். பத்ருத்தீன் தியாப்ஜியின் வாதவன்மை நீதிபதிகளையே மலைக்கச் செய்வது என்று கூறினர். ஐந்தாண்டோ ஏழாண்டோ வருவாயின்றிக் காத்திருத்தல் பாரிஸ்டர்க்குப் புதிதன்று என்றும் தேற்றினர். அக்கதைகள் தம் ஊக்கத்தைக் கெடுத்தன என்று காந்தியடிகள் எழுதியுள்ளார். தொழில் தொடங்கி இருபத்துநான்கு ஆண்டுகளில் தியாப்ஜியின் பெயர் பம்பாயில் ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டிருந்தது என்பதை இது காட்டுகின்றது.

அண்ணலின் அந்த அனுபவம் நம் மாணவர்க்கு மற்றொரு பாடமும் தரும். முதல் வழக்கில் நா எழாது அமர்ந்தவரே பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் தலைசிறந்த வழக்கறிஞராய் விளங்கினார். முதல் நாளின் தோல்வி முடிவான தீர்ப்பு அன்று.

தொழிலும் பொதுவாழ்வும்

தியாப்ஜி வந்த மறு ஆண்டு, 1868இல், பெரோஸ்ஷா மேத்தா பாரிஸ்டராகப் பம்பாய் திரும்பினார். 1872இல் காசிநாத் திரியம்பக் தெலங், இங்கிலாந்து செல்லாமலே, உயர்நீதிமன்றத்தின் அட்வகேட் தேர்வில் தேறி ஒரிஜினல் சைடில் நுழைந்தார். ஒருவர் முஸ்லிம், ஒருவர் பார்சி, ஒருவர் இந்து. ஒரே மன்றத்தில் தொழில் செய்த இம்மூவரும் பொதுவாழ்விலும் தோளோடு தோள் நின்றனர். பம்பாயின் மும்மூர்த்திகள் என்றே மக்கள் அவர்களைப் போற்றினர்.

தியாப்ஜி தொழிலில் கால் ஊன்றிய பின்னரே பொதுவாழ்வில் கை நீட்டினார். 1873இல் பம்பாய் மாநகராட்சி உறுப்பினரானார். 1875 முதல் பல்கலைக்கழகப் பேரவையில் இடம்பெற்றார். 1882இல் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். வழக்கறிஞர் வருவாய் அவருக்குத் தன்னுரிமையைத் தந்தது. அரசின் சம்பளத்தை எதிர்நோக்காதவர் அரசை நோக்கி அஞ்சாது பேச இயன்றது.

அதற்குச் சான்று இல்பர்ட் மசோதா. மாவட்டங்களில் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று அம்மசோதா கூறிற்று. ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். 1883ஆம் ஆண்டு ஏப்ரலில் பம்பாய் டவுன்ஹாலில் நிகழ்ந்த கூட்டத்தில் மூவரும் மசோதாவை ஆதரித்துப் பேசினர். ஐரோப்பியச் சொலிசிட்டர்கள், ஐரோப்பிய நீதிபதிகள் நிறைந்த மன்றத்தில் பிழைப்பு நடத்தியவர் அவ்வாறு பேசுதற்குத் துணிவு வேண்டும். மசோதா பின்னர் நீர்த்துப் போயிற்று, துணிவு வீண்போகவில்லை. 1885இல் மூவரும் முன்னின்று பம்பாய் மாகாணச் சங்கத்தை உருவாக்கினர்.

தாம் வந்த வழியைப் பிறர்க்கும்

நம் நெஞ்சை மிகவும் கவர்வது அவர் செய்த மற்றொரு பணி. தாம் ஏறிய ஏணியை அவர் எடுத்துவிடவில்லை. தந்தையின் செல்வமும் தமையனின் துணையும் தமக்கு வாய்த்தன. அவை வாய்க்காத ஏழைப் பிள்ளைகள் எவ்வாறு ஏறுவர் என்று எண்ணினார். 1874இல் கமருத்தீனும் பத்ருத்தீனும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து பம்பாயில் அஞ்சுமனே இஸ்லாம் சங்கத்தை நிறுவினர். 1880இல் அதன் முதல் பள்ளி தொடங்கியது. விக்டோரியா ரயில் நிலையத்தின் எதிரே 1893இல் எழுந்த அதன் கட்டடம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. தொடக்கத்தில் செயலாளராகவும், 1890 முதல் மறையும் வரை தலைவராகவும் அவர் அச்சங்கத்தைப் பேணினார். நாளெல்லாம் நீதிமன்றத்தில் உழைத்தவர், மாலைப் பொழுதைப் பள்ளிக்கூடத்தின் வரவு செலவுக்கும் பாடத்திட்டத்திற்கும் தந்தார்.

பெண் கல்வியிலும் அவர் காலத்தை முந்தினார். தம் புதல்வியரைப் பள்ளிக்கு அனுப்பினார். 1903இல் பம்பாயில் கூடிய முகம்மதியக் கல்வி மாநாட்டுக்குத் தலைமை ஏற்று, பெண்கள் கல்வி பெறுதலின் இன்றியமையாமையை வற்புறுத்தினார்.

சென்னையில் ஒலித்த குரல்

தமிழகத்திற்கும் அவர்க்கும் உள்ள தொடர்பு ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காங்கிரஸ் மகாசபையின் மூன்றாம் மாநாடு சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மக்கீஸ் தோட்டத்தில் நடைபெற்றது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய அம்மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவர் ராஜா சர் டி. மாதவராவ், மாநாட்டுத் தலைவர் பத்ருத்தீன் தியாப்ஜி. காங்கிரசின் தலைமையை ஏற்ற முதல் முஸ்லிம் அவர். சர் சையத் அகமத்கான் போன்ற பெரியோர் முஸ்லிம்கள் காங்கிரசில் சேர்தல் ஆகாது என்று கருதிய காலம் அது. இருவர்க்கும் இடையே கடிதங்கள் சென்றன. கருத்து மாறுபட்டபோதும் பண்பு மாறாமல் வாதிட்ட நாகரிகம் அக்கடிதங்களில் விளங்குகின்றது. நீதிமன்றம் அவர்க்குக் கற்பித்த பாடமும் அதுவே: எதிர்த்தரப்பினர் பகைவர் அல்லர்.

பின்னாளில் அவர்தம் மைந்தர் பைஸ் தியாப்ஜி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். முஸ்லிம் சட்டம் பற்றி அவர் எழுதிய நூல் வழக்கறிஞர் பலர்க்கு வழிகாட்டிற்று.

நீதி ஆசனத்தில்

1895இல் பத்ருத்தீன் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அப்பதவி பெற்ற முதல் முஸ்லிம் அவரே. இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் நீதிபதியை நோக்கி நின்று பேசியவர், இப்போது அந்த ஆசனத்தில் அமர்ந்து கேட்கலானார்.

1897இல் லோகமான்யத் திலகர் மீது அரசு துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவரைப் பிணையில் விடும்படி செய்த விண்ணப்பங்கள் முன்னரே மறுக்கப்பட்டிருந்தன. தின்ஷா தாவர் என்னும் வழக்கறிஞர் மீண்டும் விண்ணப்பித்தபோது, நீதியரசர் தியாப்ஜி பிணை வழங்கினார். குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னர் ஒருவர் தம் வழக்கைத் தாமே ஆயத்தம் செய்ய இடந்தருதல் வேண்டும் என்னும் நெறியை ஆட்சியாளரின் விருப்பத்தினும் மேலாக மதித்தார். காலத்தின் திருவிளையாடல் ஒன்றும் உண்டு: 1908இல் திலகர் மீண்டும் குற்றம் சாட்டப்பட்டபோது நீதிபதியாய் இருந்தவர் அதே தாவர், அவர் பிணை மறுத்தார், ஆறாண்டுத் தண்டனையும் விதித்தார். அங்கி ஒன்றே, அணிபவரின் நெஞ்சுரமே வேறுபடுகின்றது.

1896இல் தென்னாப்பிரிக்க இந்தியர்க்காக ஆதரவு திரட்ட வந்த காந்தியடிகள், ரானடேயைக் கண்ட பின் தியாப்ஜியைக் கண்டார். நீதிபதிப் பதவியால் நேரே ஈடுபட இயலாத அவர், பெரோஸ்ஷா மேத்தாவிடம் வழிகாட்டினார். அதே ஆண்டில் முகம்மது அலி ஜின்னா என்னும் இளைஞர் அம்மன்றத்தில் பாரிஸ்டராகப் பதிவு செய்துகொண்டார். 1867இல் ஒருவர் மட்டுமே நின்ற இடம் இப்போது இளைஞர் பலர் வந்து சேரும் களமாயிருந்தது.

1902இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் தியாப்ஜி பணியாற்றினார். 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள், தாம் பாரிஸ்டரான அதே இலண்டன் மாநகரில், மாரடைப்பால் மறைந்தார். அகவை அறுபத்தொன்று.

நாம் கொள்ள வேண்டியவை

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்க்கு இவ்வாழ்வு கூறுவன தெளிவாகவே உள்ளன. உடற்குறை வந்து இடைமறித்தாலும் விட்ட படிப்பைத் தொடர்தல் வேண்டும். உற்றார் துணை கிடைப்பின் நாணாது ஏற்றல் வேண்டும். ஏற்ற பின்னர் அத்துணை தேவைப்படாத அளவுக்குத் திறமையை வளர்த்தல் வேண்டும். மக்களின் மொழியும் வழக்கமும் அறிந்திருத்தல் தொழிலுக்கு இழுக்கன்று, அதுவே உரம்.

சமுதாயப் பெரியோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தையிப் அலியைப் போன்று பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடும் பெற்றோரும், கமருத்தீனைப் போன்று இளையவர்க்கு முதல் வாய்ப்பளிக்கும் மூத்தவர்களும் இல்லையேல், ஒரு பத்ருத்தீன் தோன்றுதல் அரிது. இன்று சட்டப் பட்டம் பெற்று, அலுவலகம் அமைக்க வழியின்றி, மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அறையில் ஒரு நாற்காலிக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கட்கு அந்த நாற்காலியை அளிப்பதும், முதல் வழக்கை நம்பிக் கொடுப்பதும் நம்மால் இயலாத செயல்கள் அல்ல. தியாப்ஜி அவர்களின் நினைவுக்கு நாம் செலுத்தத்தக்க சிறந்த அஞ்சலி அதுவே.